வேதிப் பட்டியலில் தேறுது, செரியோடாஃப்னியாவிடம் தோற்குது: இந்தச் சுரங்க நீரில் எங்கே தேடுறது?

கிளமென்டி_நீர் கேட்டது:

வணக்கம். கிழக்குக் காலிமந்தானில் உள்ள ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தின் வெளியேற்ற நீர் அறிக்கைகளை இங்கே சிங்கப்பூர் அலுவலகத்தில் சரிபார்க்கிறோம். இந்தோனேசிய விதி, அதாவது 2003-ஆம் ஆண்டின் 113-ஆம் எண் அமைச்சர் ஆணை, சுரங்க நீருக்குக் கேட்பது நாலே விஷயம்: பிஎச் 6–9, டிஎஸ்எஸ் (நீரில் மிதக்கும் திடப்பொருள்) 400 மி.கி./லி., இரும்பு 7, மாங்கனீசு 4. கடன் தந்த வங்கி அதுக்கு மேல உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி தந்த 2007 சுரங்க வழிகாட்டியையும் கட்டியிருக்கு: டிஎஸ்எஸ் 50, மொத்த இரும்பு 2. ரெண்டிலும் பிரச்சினை இல்லை.

மண் படியவிடும் கடைசிக் குளத்தின் (செட்லிங் பாண்ட்) வெளிவாயில் எடுத்த மாதிரி: பிஎச் 8.1, டிஎஸ்எஸ் 31, இரும்பு 0.6, மாங்கனீசு 1.7, அம்மோனியா நைட்ரஜன் 1.4, எல்லாம் மி.கி./லி. செம்பு, துத்தநாகம், நிக்கல் மூணும் ரொம்பக் குறைவு. செலினியம் 4 மைக்ரோகிராம். கண்டக்டிவிட்டி (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்தல்) 2,380 மைக்ரோசீமென்ஸ்.

வங்கியின் ஆலோசகர் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையான இபிஏவின் 1002.0 முறையில் 7 நாள் செரியோடாஃப்னியா (ஒரு குட்டி நீர்ப்பூச்சி) சோதனை ஒண்ணு கேட்டார். ஒரு தாய்க்குச் சராசரிக் குஞ்சுகள் இப்படி வந்திருக்கு (சதவீதம் கோப்பையில் சுரங்க நீரின் பங்கு, கண்ட்ரோலில் அது துளியும் இல்லை):

கண்ட்ரோல் 22.4
6.25% – 22.0
12.5% – 22.9
25% – 20.9
50% – 13.8
100% – 6.1

100 சதவீதத்திலும் பத்தில் ஒன்பது தாய் உயிரோட இருக்கு. சாகலை, ஆனா பெறலை. லேப் "என்ஓஇசி 25%, 4.0 டியூசி" என்று எழுதி முடிச்சுட்டாங்க, அதாவது பாதிப்பு தெரியாத அதிகபட்சச் செறிவு 25%, 100-ஐ அதால் வகுத்த நச்சு அலகு 4. ஆலோசகர் பரிந்துரைக்கும் வரம்பு 1.0 டியூசி.

மூணு கேள்வி. இந்த 4.0-ஐ அப்படியே நம்பலாமா? உலோகம் எல்லாம் குறைவா இருக்கும்போது எது நஞ்சு? அமெரிக்காவில் இதே நீர் போனா பெர்மிட் மீறலா?

---

பிப்பெட்_பிடிப்பவர்:

நஞ்சைத் தேடும் முன் எண்ணை விசாரியுங்கள். சோதனையும் ஓர் அளவுகோல்தான். கோணலான அளவுகோலை வைத்துக்கொண்டு துணியைக் குறை சொல்லக்கூடாது.

இந்த முறையில் கண்ட்ரோல் தேறுவதற்கு மூன்று நிபந்தனைகள்: தாய்களில் 80 சதவீதமாவது பிழைக்க வேண்டும், பிழைத்த தாய் ஒன்றுக்குச் சராசரி 15 குஞ்சுகள் வேண்டும், பிழைத்தவற்றில் 60 சதவீதம் மூன்றாம் ஈடு போட்டிருக்க வேண்டும். உங்கள் 22.4 நல்ல எண். மற்ற இரண்டையும் மூலத்தாளில் பாருங்கள், சுருக்க அறிக்கையில் பல சமயம் இருக்காது. அதோடு பிஎம்எஸ்டி என்ற எண்ணையும் கேளுங்கள். எவ்வளவு சிறிய வித்தியாசத்தை இந்தச் சோதனையால் பிடிக்க முடிந்தது என்று சொல்வது அது. செரியோடாஃப்னியா இனப்பெருக்கத்துக்கு இபிஏ வைத்த எல்லை 13 முதல் 47 சதவீதம். 47-ஐத் தாண்டினால் சோதனை மந்தம். 13-க்குக் கீழே போனால் ஒன்றுமில்லாத வித்தியாசத்தையும் நஞ்சு என்று சொல்லும்.

ஆண் பூச்சிகளைக் கணக்கில் சேர்த்தார்களா என்றும் கேளுங்கள். கோப்பையில் விழுந்த ஆணுக்கு "0 குஞ்சு" என்று எழுதிச் சராசரி எடுத்தால் எண் பொய்யாக இறங்கும். பத்துக் கோப்பைகளையும் பத்துத் தாய்களின் வரிசைப்படி அடுக்கியிருந்தால், அதாவது ஒரு தாயின் குஞ்சு ஒவ்வொரு செறிவிலும் ஒன்று என்று போட்டிருந்தால், இதைப் பிடிப்பது சுலபம்.

இப்போது 4.0. என்ஓஇசி என்பது நீங்கள் வைத்த செறிவுகளில் ஒன்றாகத்தான் வர முடியும். 25-க்கும் 50-க்கும் நடுவே எதையும் வைக்கவில்லை. ஆகவே பதில் 4 அல்லது 2, இடையில் எதுவும் வராது. ஐசி25, அதாவது குஞ்சுகளை 25 சதவீதம் குறைக்கும் செறிவு, எடுத்துப் பாருங்கள். முதல் மூன்று எண்களும் ஏறி இறங்குவதால் அவற்றைச் சராசரியாக்கிச் சமப்படுத்த வேண்டும்: 22.43. அதில் முக்கால் பங்கு 16.8. அது 25 சதவீதத்தின் 20.9-க்கும் 50 சதவீதத்தின் 13.8-க்கும் இடையில் விழுகிறது. நேர்கோட்டில் கணக்கிட்டால் 39.3 சதவீதம். 100-ஐ அதால் வகுத்தால் 2.5 டியூசி. ஒரே தரவு, ஒரு கணக்கில் 4.0, இன்னொன்றில் 2.5. ஆகவே எந்தக் கணக்கு என்று நிபந்தனையில் எழுதாமல் "1.0 டியூசி" என்று மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த முறை 25, 37.5, 50, 75, 100 என்று வையுங்கள். அடுத்தடுத்த செறிவுகள் பாதிக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதுதான் விதி, நெருக்கமாக வைக்கத் தடையில்லை.

மாதிரி பயணம் அடுத்தது. எடுத்து முடித்த நேரத்திலிருந்து 36 மணி நேரத்துக்குள் முதல் கோப்பையில் ஊற்றியாக வேண்டும். 0–6 டிகிரியில், காற்று இடைவெளி இல்லாமல் நிரப்பிய கலத்தில் வர வேண்டும். 7 நாள் சோதனைக்கு ஒரே மாதிரி போதாது. முதல், மூன்றாம், ஐந்தாம் நாளில் புது மாதிரி. சுரங்க ரோட்டிலிருந்து சாங்கி கார்கோ வரை சுங்கத் தாள்களோடு மூன்று முறை 36 மணிக்குள் முடிப்பது சிரமம். ஒரே கேனை ஏழு நாளும் ஊற்றியிருந்தால் இந்த அறிக்கையை வரம்போடு ஒப்பிடவே முடியாது.

கடைசியாக, ஆனால் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான்: 24 மணி நேரம் கழித்து, மாற்றுவதற்கு முன், பழைய கரைசலின் பிஎச் என்ன? பைகார்பனேட் அதிகமுள்ள சுரங்க நீர் சின்னக் கோப்பையில் 15 மில்லி அளவில் திறந்து நின்றால் கரியமில வாயுவை விட்டுவிட்டு பிஎச் ஏறும். அம்மோனியாவுக்கு அது ஏணி. 25 டிகிரியில் பிஎச் 7.9-ல் மொத்த அம்மோனியாவில் 4 சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும், 8.7-ல் 22 சதவீதம். ஓடையில் இல்லாத நஞ்சைக் கோப்பை தானே தயாரித்துக்கொள்கிறது.

---

சுண்ணாம்புக்கலவை:

பிப்பெட் அண்ணே சொன்னதெல்லாம் லேப் பக்கம். பாண்ட் பக்கத்துல என்ன ஊத்துறாங்கன்னு யாரும் கேக்கலையே?

டிஎஸ்எஸ் 31 காலிமந்தான் களிமண்ணுக்குத் தானா வராது. அந்த மண்ணு பால் மாதிரி நிக்கும், நாள் கணக்கா உக்காராது. நம்ம சிங்கப்பூர்ல கட்டுமானத் தளத்து சேற்று நீருக்கு 50-ன்னு வச்சிருக்காங்க, அதுக்கே ஒவ்வொரு சைட்லயும் பம்பு, டேங்க்கு, பாலிமர்னு என்ன பாடு படுறாங்க பாருங்க. ஆக அங்கேயும் பாலிமர் போகுது. எந்தப் பாலிமர்ங்கறதுதான் விஷயம். நேர்மின்சுமை உள்ள ரகம், பாலிடாட்மாக் மாதிரி, மீன் செவுளுக்கும் நீர்ப்பூச்சிக்கும் ஆகாது. எதிர்மின்சுமை உள்ள பாலிஅக்ரிலமைடு அந்த அளவுக்கு மோசமில்லை. மழைக்கு முன்னாடி வச்ச டோஸ் மழை விட்டப்புறமும் ஓடுச்சுன்னா, ஒட்டிக்கிறதுக்கு மண்ணு இல்லாம பாலிமர் அப்படியே வெளியே போகும்.

இதுக்கு லேப்ல ஒரு அடையாளம் உண்டு. செரியோடாஃப்னியாவுக்கு தினம் 0.1 மில்லி பாசி, 0.1 மில்லி ஈஸ்ட் கலவை கொடுப்பாங்க. நல்ல கோப்பைல பாசி இளம்பச்சையா தண்ணில பரவி நிக்கும். பாலிமர் மிஞ்சியிருந்தா சில மணி நேரத்துல பாசி திரிஞ்சு, மோர் திரிஞ்ச மாதிரி, அடில உக்காந்துடும். பூச்சி மேல நீந்திட்டு இருக்கும், சோறு கீழ கிடக்கும். சாகாது, ஆனா முட்டை வைக்காது. உங்க எண்ணைப் பாத்தா அதுவும் பொருந்துது. கோப்பை அடியை லென்ஸ்ல பாக்கச் சொல்லுங்க, காசு செலவில்ல.

அம்மோனியா எங்கேருந்துன்னா வெடிமருந்து. அம்மோனியம் நைட்ரேட் எரியெண்ணெய்க் கலவையைத் தண்ணி நிக்கிற துளைல போட்டா பாதி கரைஞ்சு போயிடும். ஈரத் துளைக்குத் தண்ணி தாங்குற எமல்ஷன் வெடிமருந்து போட்டு, சிந்துனதை அள்ளினாலே 1.4 நல்லா இறங்கும். இதைப் பாண்ட்ல சுத்திகரிக்கிறதை விட வெடிக்கிற இடத்துல நிறுத்துறது மலிவு.

மாங்கனீசுக்காக பிஎச்சை 9.5-க்கு மேல ஏத்தி, அப்புறம் இறக்குறாங்களான்னும் பாருங்க. எதால ஏத்துறாங்க? காஸ்டிக் சோடான்னா சோடியம் கூடும். சுண்ணாம்புன்னா கால்சியம் கூடும், அதுல கொஞ்சம் கார்பனேட்டா உக்காந்துடும். கண்டக்டிவிட்டி மீட்டர்ல பெரிய வித்தியாசம் தெரியாட்டியும் பூச்சிக்குத் தெரியும்: கால்சியம் இருக்குற உப்பு நீரை அது தாங்கும், சோடியம் மட்டும் ஏறுன நீரைத் தாங்காது. காஸ்டிக் டேங்க் ஒண்ணு, டிரிப் குழாய் ஒண்ணுன்னு சுலபமா இருக்குன்னுதான் தள்ளியிருக்கிற பாண்ட்ல அதை வைப்பாங்க. சுண்ணாம்புக்குக் கலக்கியும், அடைச்ச குழாயைக் குத்த ஆளும் வேணும்.

---

கிளமென்டி_நீர்:

மிக்க நன்றி. சைட்டில் கேட்டேன், பிஎச்சுக்குக் காஸ்டிக், தெளியவைக்க நேர்மின் பாலிமர், ரெண்டும் உண்டு. டோஸ் பதிவேடு அனுப்பச் சொல்லியிருக்கேன். முழு அயனிப் பகுப்பாய்வும் வந்திருக்கு: கால்சியம் 180, மக்னீசியம் 130, சோடியம் 260, பொட்டாசியம் 12, சல்ஃபேட் 1,100, பைகார்பனேட் 380, குளோரைடு 15, எல்லாம் மி.கி./லி. இது வெறும் உப்பின் வேலையா, இல்லை வேற ஏதாவதா என்று பிரிச்சுப் பார்க்க முடியுமா?

---

பிப்பெட்_பிடிப்பவர்:

முடியும். இதற்குச் சரியான வழி போலி நீர் தயாரித்து ஓட்டுவதுதான். உங்கள் நீரில் உள்ள உப்புகள் மட்டும், அதே அளவில். பாலிமர் இல்லை, அம்மோனியா இல்லை, உலோகம் இல்லை. அதுவும் உண்மை நீரும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே நாளில், ஒரே தாய்களின் குஞ்சுகளோடு.

முதலில் பகுப்பாய்வே நம்பத்தக்கதா என்று பார்க்க மின்சுமைச் சமன். நேர் அயனிகள்: கால்சியம் 8.98, மக்னீசியம் 10.70, சோடியம் 11.31, பொட்டாசியம் 0.31, கூட்டினால் 31.3 மில்லிஈக்விவலன்ட். எதிர் அயனிகள்: சல்ஃபேட் 22.9, பைகார்பனேட் 6.23, குளோரைடு 0.42, கூட்டினால் 29.55. வித்தியாசம் 3 சதவீதத்துக்குள். நல்ல லேப்.

ஒரு லிட்டர் அயனி நீக்கிய நீருக்கு: ஜிப்சம் (இரு நீர் மூலக்கூறு உள்ளது) 773 மி.கி., எப்சம் உப்பு (ஏழு நீர் மூலக்கூறு) 1,319 மி.கி., நீரற்ற சோடியம் சல்ஃபேட் 361 மி.கி., சோடியம் பைகார்பனேட் 523 மி.கி., பொட்டாசியம் குளோரைடு 23 மி.கி. இப்படிச் செய்தால் சல்ஃபேட் 1,190 வரும், அளந்ததை விட 8 சதவீதம் கூடுதல். அந்த 3 சதவீத வித்தியாசத்தின் விளைவு அது. குறித்து வைத்தால் போதும்.

வரிசை முக்கியம். ஜிப்சம் மெதுவாகக் கரையும், முந்தின நாள் இரவே கலக்கியில் போடுங்கள். பைகார்பனேட் கடைசி. முதலிலேயே போட்டால் கால்சியம் கார்பனேட் வெள்ளைத் தூளாகப் பிரியும். அப்புறம் கோப்பையில் கால்சியமும் குறைவு, காரத்தன்மையும் குறைவு, நீங்கள் ஒப்பிடுவது வேறு நீரை. காற்றேற்றி மறுநாள் பார்க்கும்போது கலங்கல் இருக்கக் கூடாது, கண்டக்டிவிட்டி உண்மை நீரிலிருந்து 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

போலி நீரின் ஐசி25-ம் 40 சதவீதத்தை ஒட்டி வந்தால் நஞ்சு உப்புதான், வழக்கு முடிந்தது. 70 அல்லது 80 வந்தால் உப்போடு இன்னொன்று இருக்கிறது. அப்போது உண்மை நீரைப் பிரித்துப் பிரித்து ஓட்டுங்கள்: 1 மைக்ரான் கண்ணாடி இழையில் வடித்தது ஒன்று, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ சேர்த்தது ஒன்று, ஜியோலைட் வழியாக அம்மோனியா எடுத்தது ஒன்று, பிஎச்சைப் பிடித்து வைத்தது ஒன்று. இடிடிஏவில் ஒரு பொறி உண்டு. உங்கள் நீரின் கடினத்தன்மை ஏறக்குறைய 985 மி.கி./லி.; சேர்க்கும் இடிடிஏவைக் கால்சியமே பிடித்துக்கொள்ளும். அதற்காகக் கூட்டினால் இடிடிஏவே பூச்சியைப் பாதிக்கும். ஒவ்வொரு கையாளலுக்கும் கண்ட்ரோல் நீரில் ஒரு வெற்றுச் சோதனை இல்லையென்றால் முடிவைத் தூக்கிப் போடுங்கள்.

நீர்த்தல் நீரையும் மறக்க வேண்டாம். வழக்கமான மிதக் கடின நீரின் கடினத்தன்மை 80–100தான். அதில் வளர்ந்த பூச்சியை ஒரே தாவலில் 985-க்குள் போடுகிறார்கள்.

---

காயா_டோஸ்ட்:

ஒரு சின்னக் கேள்வி, கோவிச்சுக்காதீங்க. செரியோடாஃப்னியா டூபியா அமெரிக்கப் பூச்சி. நம்ம பக்கத்து மொய்னா, மீன் கடையில் பையில் விற்கிறாங்களே, அதை வச்சு சோதிக்கக் கூடாதா?

---

பிப்பெட்_பிடிப்பவர்:

ஆராய்ச்சிக்குத் தாராளமாக. நிபந்தனைக்கு ஆகாது. மொய்னாவுக்கு மேலே சொன்ன கண்ட்ரோல் விதிகள் எழுதப்படவில்லை; தோற்றால் நீரா பூச்சியா என்று வாதாட இடம் கிடைத்துவிடும். சோதனை வெப்பநிலை 25 டிகிரி என்பதால் டூபியா நம் சூழலுக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. மீன் பக்கம் ஃபேட்ஹெட் மின்னோவைத் தருவிப்பது சிரமமென்றால் ஓஇசிடி 236, வரிக்குதிரை மீன் கரு, 96 மணி. ஆனால் அது உயிரிழப்புச் சோதனை, இப்போது உங்களிடம் உள்ள பிரச்சினை உயிரிழப்பு இல்லை.

---

பெர்மிட்_வாசகி:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் மீறலா என்றால், பெர்மிட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மழுப்பலாகத் தோன்றும், ஆனால் இந்தத் துறையே அந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

1972 தூய நீர்ச் சட்டத்தின்கீழ் வெளியேற்றக் குழாய் ஒவ்வொன்றுக்கும் பெர்மிட் வேண்டும், அதில் இரண்டு அடுக்கு வரம்புகள். முதல் அடுக்கு தொழில்நுட்பம் சார்ந்தது, அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 40 சிஎஃப்ஆர் 434. அமிலச் சுரங்க நீருக்கு ஒரு நாள் உச்சம் இரும்பு 7.0, மாங்கனீசு 4.0, டிஎஸ்எஸ் 70. 30 நாள் சராசரி அதில் பாதி, 3.5, 2.0, 35. புதுச் சுரங்கமானால் இரும்பு 6.0, சராசரி 3.0. காரச் சுரங்க நீருக்கு மாங்கனீசு வரம்பே கிடையாது. இந்தோனேசிய ஆணையிலும் அதே 7, அதே 4 இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மாதச் சராசரிதான் இல்லை. மழைக்குச் சலுகையும் உண்டு: 10 ஆண்டுக்கு ஒருமுறை வரும் 24 மணி நேர மழை வரைக்கும், டிஎஸ்எஸ்ஸுக்குப் பதிலாக இம்ஹாஃப் கூம்பில் படியும் திடப்பொருள் லிட்டருக்கு 0.5 மில்லி என்று அளக்கலாம். சலுகையைக் கோருபவர்தான் மழையளவை நிரூபிக்க வேண்டும்.

உங்கள் சிக்கல் இரண்டாம் அடுக்கில், 40 சிஎஃப்ஆர் 122.44. ஓடையின் தரத்தைக் கெடுக்க "நியாயமான வாய்ப்பு" இருந்தால் வரம்பு வைத்தே ஆக வேண்டும். "நச்சுப் பொருள் நச்சு அளவில் கூடாது" என்ற வாசக விதியை மீறும் வாய்ப்பு இருந்தால் முழு நீர் நச்சு வரம்பு வரும். வாய்ப்பைக் கணிக்கும் முறை 1991 இபிஏ தொழில்நுட்ப ஆவணத்தில் இருக்கிறது. சோதனை குறைவாக இருந்தால் தண்டனை போல ஒரு பெருக்கி வரும். மாறுபாட்டுக் கெழு (முடிவுகளின் சிதறல்) 0.6 என்று கொண்டு, 95 சதவீத அட்டவணையில், ஒரே ஒரு சோதனைக்குப் பெருக்கி 6.2, நான்கு சோதனைக்கு 2.6, பத்துக்கு 1.7. உங்கள் 4.0-ஐ 6.2-ஆல் பெருக்கினால் 24.8. அதே எண் நான்கு சோதனைகளின் உச்சமாக இருந்தால் 10.4. ஒரே சோதனையோடு பேச்சுவார்த்தைக்குப் போவது ஏன் கெடுதல் என்பது இதிலேயே தெரியும்.

பிறகு ஓடையில் கலக்கும் விகிதம். சுரங்கம் வினாடிக்கு 40 லிட்டர் விடுகிறது, வறட்சிக் காலத்தில் ஓடை 160 லிட்டர் ஓடுகிறது என்றால், கலந்த பின் கழிவுநீரின் பங்கு 20 சதவீதம். உங்கள் ஐசி25 39 சதவீதம். அந்த இடத்தில் நஞ்சு இல்லை. ஓடையே சுரங்க நீரால்தான் ஓடுகிறது என்றால் பங்கு 100 சதவீதம், அப்போது குழாய் வாயிலேயே 1.0 டியூசி. ஆலோசகர் 1.0 என்று எழுதினாரே, எந்த இடத்தில் என்று எழுதினாரா? வறட்சிக் கால ஓட்டத்தை அளந்தார்களா? இரண்டும் இல்லாத 1.0-க்குப் பொருளில்லை.

இன்னொன்று. "வரம்பு" என்று எழுதினால் ஒரே சோதனை தாண்டினாலும் மீறல். "தூண்டல் அளவு" என்று எழுதினால் தாண்டியதும் சோதனையை அடிக்கடி செய்து, நஞ்சு எது என்று கண்டுபிடித்து, குறைக்கும் திட்டம் தர வேண்டும். அதைச் செய்யாவிட்டால்தான் மீறல். காரணம் இன்னும் தெரியாத உங்கள் நிலையில் வங்கியிடம் இரண்டாவதைக் கேளுங்கள்.

கண்டக்டிவிட்டி பற்றியும் யாராவது கிளப்புவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2011-ல் இபிஏ மத்திய அப்பலாச்சிய ஓடைகளுக்கு 300 மைக்ரோசீமென்ஸ் என்று ஓர் அளவுகோல் வெளியிட்டது. அங்குள்ள நீர்ப்பூச்சிப் பேரினங்களில் 95 சதவீதத்தைக் காக்கும் கணக்கு அது, அதில் முதலில் மறைவது மேஃபிளை வகைகள். அது சட்ட வரம்பு இல்லை. அதைப் பயன்படுத்தச் சொன்ன வழிகாட்டியை எதிர்த்த வழக்கில், அது இறுதி நடவடிக்கையே அல்ல என்று 2014-ல் டி.சி. சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2017-ல் ஃபோலா கோல் வழக்கில் நான்காம் சர்க்யூட், பெர்மிட்டில் கண்டக்டிவிட்டி எண் இல்லாவிட்டாலும், ஓடை உயிர்களைக் கெடுக்கும் அளவுக்கு உப்பு நீர் விட்டது பெர்மிட்டில் எழுதியிருந்த நீர்த்தர நிபந்தனையை மீறியதே என்று தீர்ப்பளித்தது. எண் இல்லை என்பதால் பொறுப்பு இல்லை என்று ஆகாது என்பது அன்றைய நிலை; 2025-ல் சான் பிரான்சிஸ்கோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓடையின் தரத்துக்கு மட்டும் பொறுப்பாக்கும் அப்படிப்பட்ட நிபந்தனைகளைப் பெர்மிட்டில் வைக்க இபிஏவுக்கு அதிகாரமில்லை என்றது.

அந்த 300-ஐத் தூக்கிக் காலிமந்தானில் வைக்காதீர்கள். அங்கே சதுப்புக் கருநீர் ஓடைகள் இயல்பாகவே அமிலம், கண்டக்டிவிட்டி 100-க்கும் கீழே இருக்கும். மேல்ஓடையில் அடிப்படை அளவு எடுக்காமல் எந்த எண்ணும் நிற்காது.

---

சுண்ணாம்புக்கலவை:

உப்புதான்னு முடிவானா சுண்ணாம்பு காப்பாத்தாது, அதையும் சொல்லிடறேன். ஜிப்சமா சல்ஃபேட்டை இறக்கலாம்னா அது 1,500-க்கு மேல இருந்தாத்தான் கொஞ்சமாவது அசையும். இவங்க 1,100-ல நிக்கிறாங்க. ஆர்ஓ போட்டா உப்புக் கழிவை எங்க கொட்டுறதுன்னு அடுத்த தலைவலி. நடைமுறைல ரெண்டு வழி: பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) உள்ள மேல்மண்ணைத் தனியாப் பிரிச்சு, தண்ணியும் காத்தும் போகாம மூடிப் புதைக்கிறது, இல்லேன்னா ஆறு நிறைஞ்சு ஓடும்போது மட்டும் திறந்து விடுறது. ரெண்டாவதுக்கு ஆஸ்திரேலியா ஹன்டர் ஆத்துல முறையே இருக்கு. சுரங்கமும் மின் நிலையமும் பங்கு வாங்கி, ஆத்துல நீரோட்டம் கூடும்போது மட்டும் உப்பு நீரை விடுவாங்க. ஆறு மேல்பகுதில 600, நடுவுலயும் கீழயும் 900 மைக்ரோசீமென்ஸைத் தாண்டாம கணக்குப் பாத்து. அதுக்குப் பெரிய பாண்டும், ஆத்துல மீட்டரும் வேணும். ஒரு டன் பாறைல 1 சதவீதம் பைரைட் கந்தகம் இருந்தா 30.6 கிலோ கந்தக அமிலம் வரும். அதைக் குழிக்குள்ளயே நிறுத்துறதுதான் கடைசில மலிவு.

---

கிளமென்டி_நீர்:

டோஸ் பதிவேடும் லேப் மூலத்தாளும் வந்துடுச்சு. மாதிரி எடுத்த வாரம் மழை இல்லை, பாலிமர் பம்பு மழைக் கால அளவிலேயே ஓடியிருக்கு. 100 சதவீதக் கோப்பையில் 24 மணி கழிச்ச பிஎச் 8.7. கோப்பை அடியை யாரும் பார்க்கலை. மூணு நாளும் தனித்தனி மாதிரிதான், கடைசி மட்டும் 41 மணி ஆயிருக்கு. இன்னொரு சந்தேகம்: செலினியம் 4 மைக்ரோகிராம், இந்தச் சோதனை அதையும் பிடிக்குமா?

---

பெர்மிட்_வாசகி:

பிடிக்காது. செலினியம் நீர் வழியாக அல்ல, உணவு வழியாக ஏறுகிறது: பாசி, பூச்சி, மீன், கடைசியில் மீனின் முட்டை. குஞ்சு உருக்குலைந்து பொரிப்பதுதான் பாதிப்பு, அது 7 நாளில் கோப்பையில் தெரியாது. அதனால்தான் இபிஏவின் 2016 அளவுகோல் முதலில் மீன் முட்டையில் அளக்கச் சொல்கிறது: உலர் எடையில் கிலோவுக்கு 15.1 மி.கி. மீன் தரவு இல்லாதபோது ஓடும் நீரில் 30 நாள் சராசரி 3.1 மைக்ரோகிராம், தேங்கிய நீரில் 1.5. உங்கள் 4 இரண்டையும் தாண்டுகிறது. செட்லிங் பாண்டுகளில் மீன் இருந்தால் அதுதான் முதலில் பார்க்க வேண்டிய இடம்.

விண்ணப்பத்தில் செலினியத்தைச் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் பெர்மிட் கேடயம் என்று ஒன்று உண்டு, பெர்மிட்டுக்கு உட்பட்டு விட்டால் வழக்கிலிருந்து பாதுகாப்பு. 2014-ல் ஏ அண்டு ஜி கோல் வழக்கில், விண்ணப்பத்தில் செலினியத்தைத் தெரிவிக்காததால் நான்காம் சர்க்யூட் அந்தக் கேடயத்தை மறுத்தது. 2015-ல் ஐசிஜி ஹசார்டு வழக்கில் ஆறாம் சர்க்யூட் பொதுப் பெர்மிட்டின்கீழ் அதைக் கொடுத்தது. ஒரே பொருள், இரண்டு முடிவு. உங்கள் வங்கி ஒப்பந்தமும் வெளிப்படுத்தும் கடமையை எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

---

பிப்பெட்_பிடிப்பவர்:

41 மணி என்றால் முறைப்படி விலகல். அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆனால் முதல் இரண்டு மாதிரிகளிலும் குஞ்சு குறைந்திருந்தால் விளைவு பொய்யில்லை.

பிஎச் 8.7 கேட்டதும் வரிசை மாறுகிறது. 380 பைகார்பனேட் உள்ள நீர் திறந்த காற்றோடு சமன்பட்டால் 9-ஐ ஒட்டிப் போகும், கோப்பை அந்த வழியில்தான் போயிருக்கிறது. அடுத்த மாதிரியில் ஒரே நாளில் மூன்று தொகுதி ஓட்டுங்கள்: உண்மை நீர் திறந்த நிலையில், உண்மை நீர் பிஎச் பிடித்து, போலி நீர் திறந்த நிலையில். பாலிமருக்கு நாலாவது தொகுதி வேண்டாம். பம்பை அன்றைய கலங்கலுக்கு ஏற்ற அளவுக்கு இறக்கி, பாண்ட் நீர் மாற நாள் கொடுத்து, அப்புறம் மாதிரி எடுங்கள். பழைய டோஸில் எடுத்த ஒரு 10 லிட்டர் கேனைத் தனியாக அனுப்பினால் பாசி திரிகிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

பிஎச்சை அமிலம் ஊற்றிப் பிடிக்காதீர்கள், மறுநாள் காலை மறுபடி ஏறியிருக்கும். கோப்பைத் தட்டை மூடிய அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து, காற்றில் கரியமில வாயுவை ஏறக்குறைய 0.4 சதவீதமாக ஓட விடுங்கள். உங்கள் நீர் 8.0-ஐ ஒட்டி நிற்கும். கண்ட்ரோல் நீரில் பைகார்பனேட் குறைவு, அதே பெட்டியில் அது 7.3-க்கு இறங்கும். ஆகவே பெட்டிக்குள் ஒரு கண்ட்ரோல், வெளியே ஒரு கண்ட்ரோல், இரண்டும் 15 குஞ்சைத் தாண்டினால்தான் ஒப்பீடு செல்லும். பெட்டிக்குள் குஞ்சு எண்ணிக்கை 20-க்கு ஏறி, வெளியே 6-லேயே நின்றால் குற்றவாளி பிஎச்சும் அம்மோனியாவும். இரண்டிலும் 6 என்றால் போலி நீரின் தட்டைப் பாருங்கள்.